நீ விட்டு வந்த சங்கத்தில் நான் சேர்ந்துவிட்டேன், அண்ணே

என் ஆசை தனா அண்ணனுக்கு, உன் சரசு எழுதுவது.

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. முதல் வருஷத்தில் உனக்குச் சொல்ல என்னிடம் அழுகையைத் தவிர எதுவும் இல்லை. இப்போது செய்தி இருக்கிறது. சிரிக்காமல் கேள். நம் வீட்டில் எந்தச் சங்கத்தின் பெயரை எடுத்தாலே நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாயோ, அதே விமானச் சங்கத்தில் நான் உறுப்பினர். அட்டையில் என் படம் இருக்கிறது. பாஸ்போர்ட் படம் மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைச் சங்கத்தின் செய்தி மடலில் போடப் போகிறார்கள். சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குக் கட்டுரை எழுத வராது. உனக்குச் சொல்வது போல எழுதுகிறேன் என்றேன், சரி என்றார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

என் கணவர் தவறிய பிறகு நீ ஈப்போவில் என் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தாய். ஏர்கோன் பழுது பார்க்கிற சாமான்கள் ஒரு பெட்டி, விமானங்கள் மூன்று, துணிமணி ஒரு பை. விமானங்களுக்குத்தான் இடம் அதிகம் வேண்டியிருந்தது. பால்சா மரத்தைக் காகிதம் மாதிரி மெலிதாகச் சீவி, எலும்புக்கூடு போல ஒட்டி, மேலே வண்ணத் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இழுத்து, மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி, தரையில் நின்றபடி ரிமோட்டால் ஓட்டுகிற விமானங்கள். ஒவ்வொன்றும் நான் இரண்டு கையையும் விரித்தால் என்ன அகலமோ அந்த அகலம். என் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள் என் வெள்ளைச் சட்டையில் இறங்கிய அன்று நாம் போட்ட சண்டையை மறந்திருக்க மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவாய். கோப்பெங்குக்கு அப்பால், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் ஒரு பழைய பந்துத் திடல். பால்மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் இடித்தாயிற்று. அந்தத் திடலை மட்டும் ஏனோ விட்டு வைத்திருந்தார்கள். "ஒரு ஈ காக்கா இருக்காது சரசு, அதுதான் வசதி" என்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பதினொன்றுக்குப் போன் செய்தேன். பிறகு பதினொன்றே காலுக்கு, பதினொன்றரைக்கு. ரிமோட் கையில் இருந்தால் நீ போனை எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வந்ததும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு குழம்பை இறக்கி வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் யாரோ எடுத்தார்கள். செம்பனைக் குலை வெட்ட வந்த வெளிநாட்டுத் தொழிலாளி. "கக்கா, அபாங் ஜாத்தோ" என்றான். அண்ணன் விழுந்து கிடக்கிறார் என்று மலாயில் மூன்று முறை சொன்னான். எழுப்பிப் பார் தம்பி என்று நான் தமிழில் கத்தினேன். அவனுக்குத் தமிழ் புரியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மாரடைப்பு என்றார்கள். விழுந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்கள். "கூட யாரும் போகலையா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். நீ விழுந்தபோது மேலே பறந்துகொண்டிருந்த நீல விமானம் இதுவரை கிடைக்கவில்லை. செம்பனைக்குள் எங்கோ இறங்கியிருக்கும்.

எட்டு மாதம் நான் மாடி அறைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்தேன். மிச்சம் இரண்டு விமானங்களும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. குப்பையில் போட மனமில்லை. யாருக்குக் கொடுப்பது? விமானம் விடுகிறவர்கள் என்று எனக்குத் தெரிந்தது உன் பழைய சங்கம் ஒன்றுதான்.

நீ ஏன் சங்கத்தை விட்டாய் என்று வீட்டில் சொன்னது இது: சங்கத்தின் திறந்த நாள், ஊர்ச் சனம் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி காதர் பாய், ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாரே அவர்தான், பறக்கும் முன்னால் ஒவ்வொரு விமானத்தையும் தொட்டுப் பார்க்கிறார். உன் சிவப்பு விமானத்தின் வாலில் மேலும் கீழும் அசைகிற பலகையை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியில், "தனபாலன் விமானம் இன்னிக்குப் பறக்காது, கீல் சரியில்ல" என்று அறிவிக்கிறார். எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"ரொட்டி தட்டுறவன் எனக்குக் கீலு பத்திப் பாடம் எடுக்குறான்" என்று வந்து கத்தினாய். முப்பது வருஷம் மெஷினோடு புழங்கிய கை உன்னுடையது. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நான் அன்று சொன்னதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "போகாத விடுண்ணே. அந்தச் சங்கம் இல்லாட்டி என்ன, இந்த நாட்டுல திடலா இல்ல?" என்று சொன்னவள் நான்தான். நீ அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகத் திடல் தேடிப் போனாய். ஏழு வருஷம் தனியாகவே போனாய்.

சரி, மேலே சொல்கிறேன். சங்கத்தின் திடல் கோப்பெங் பக்கம், பழைய ஈயச் சுரங்கத்து மணல்வெளியில் இருக்கிறது. உன் இரண்டு விமானங்களையும் காடியின் பின்சீட்டில் படுக்கவைத்து எடுத்துப் போனேன். தகரக் கூரைக் கொட்டகை, அந்தப் பொண்டோக்கின் கீழ் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாம் கலந்து. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் சிவப்பு விமானத்தைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட்டார்.

"நீங்க தனாவோட தங்கச்சியா?"

"ஆமா. நீங்க காதர் பாய்தானே?"

அவர் ஆமாம் என்று சொல்லும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். எட்டு மாதம் அடக்கி வைத்தது. "ஏழு வருசமா ஒரு ஆளு வரலியே, எங்க போனான், என்ன ஆனான்னு நீங்க ஒருத்தராவது வந்து கேட்டீங்களா? எங்கண்ணன் தனியா கெடந்து செத்தாரு பாய்." தமிழ் தெரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

பாய் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அவர் சிவப்பு விமானத்தைக் கையில் வாங்கினார், பழக்கதோஷமோ என்னவோ, நேராக வாலுக்குத்தான் விரல் போனது. பலகையை இழுத்தார். கீல் கொஞ்சமும் பிசகவில்லை. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கீல யாரு மாத்துனது?"

"வேற யாரு, அவருதான். அவரைத் தவிர யாரும் அதத் தொட்டதில்ல."

அவர் அதைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. திறந்த நாளன்று சாயங்காலம் உனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தேன். அறையெல்லாம் பசை வாடை. நான் உள்ளே வந்ததும் நீ ஒரு துண்டை எடுத்து விமானத்தின் வால் மேல் போட்டு மூடினாய். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தூசி" என்றாய்.

அவர் சொன்னது சரி என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அன்றைக்கே மாற்றியும்விட்டாய். அப்புறம் ஏன் அண்ணே நீ திரும்பப் போகவில்லை?

பாய் விமானங்களை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "வீட்டு ஆளுங்க ஒரு தடவ பறக்குறதப் பாக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணுங்க தங்கச்சி" என்றார். புது பேட்டரி போட்டு அவரே சிவப்பு விமானத்தை மேலே விட்டார். நம்புவாயா, நீ என் வீட்டில் இருந்த அத்தனை வருஷத்தில் உன் விமானம் பறந்து நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் துணி துவைக்கிற நாள். அது மணல்வெளியைச் சுற்றி, மலைப் பக்கம் திரும்பி, என் தலைக்கு மேலே வந்தபோது, நீ இதற்காகத்தான் போனாய் என்று தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்தேன்.

ஏன் சேர்ந்தாய் என்று தொழிற்சாலையில் எல்லாரும் கேட்டார்கள். "அக்காவுக்கு இந்த வயசுல பிளேன் ஓட்டுற ஆசையா?" என்று சிரித்தார்கள். நான் தையல் தொழிற்சாலையில் சட்டை சோதிக்கிறவள். இருபத்தாறு வருஷமாகத் தையலைப் பார்த்துப் பார்த்து இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்கிற வேலை. ஒரு மெல்லிய நூல் பிசகினால் எனக்குத் தெரியும். வானத்தில் ஒரு பொருளை ஓட்ட வருமா என்று எனக்கே தெரியாமல்தான் சேர்ந்தேன்.

முதல் மாதம் எனக்கு ஒன்றும் வரவில்லை. விமானம் நம்மை விட்டு அந்தப் பக்கம் போகும்போது இடது என்றால் இடது. நம்மை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ். இடம் என்று தள்ளினால் நம் கண்ணுக்கு வலது பக்கம் போகிறது. பயிற்சிக்கு ஒரு நுரைப்பஞ்சு விமானம் வைத்திருக்கிறார்கள். இரண்டு ரிமோட்டை இணைத்து, ஒன்றை நமக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பழக்குகிறவர் வைத்திருப்பார். நான் தடுமாறினால் அவர் ஒரு சுவிட்சை விட்டதும் விமானம் அவர் கைக்குப் போய்விடும். பாய் எத்தனை முறை அப்படிப் பிடித்திருப்பார் என்று எண்ணவில்லை. ஒரு முறை அவர் தும்மிய நேரத்தில் நான் அதை மண்ணில் குத்திவிட்டேன். டேப் ஒட்டி மறுபடி விட்டோம்.

நீ சங்கம் என்றால் கூட்டம், கட்சி, வம்பு என்பாய். வம்பு இருக்கிறது, மறைக்கவில்லை. யார் பேட்டரி நல்லது என்று ஒரு காலை முழுக்கச் சண்டை போடுவார்கள். ஆனால் நீ பார்க்காமல் விட்டதையும் சொல்கிறேன். எவ்வளவு உயரம் வரைக்கும் விடலாம், எந்தப் பக்கம் விடக்கூடாது என்று அதிகாரிகளிடம் எழுதி வாங்கிய அனுமதி சங்கத்துக்கு இருக்கிறது. விமான நிலையம் பக்கத்தில் இருக்கிற ஊரில் அது சின்ன விஷயமா? ஒருவர் விமானம் விட்டால் இன்னொருவர் பக்கத்தில் நின்று வானத்தையும் சாலையையும் பார்ப்பார். "ஹெலிகாப்டர்!" என்று ஒரு குரல் வந்தால் எல்லாரும் உடனே இறக்கிவிடுவார்கள். உறுப்பினருக்குக் காப்புறுதி உண்டு. போன வருஷம் ஒருவருடைய விமானம் ரிமோட்டுக்கு அடங்காமல் போய் வெளியே நின்ற லாரிக் கண்ணாடியை உடைத்தது. லாரிக்காரரோடு பேச, எழுத, முடிக்க என்று சங்கமே முன்னால் நின்றது. அவர் தனியாகப் போய் அடி வாங்கவில்லை.

இன்னொரு விதி உண்டு. ஒற்றை ஆளாக யாரும் பறக்க விடக்கூடாது. குறைந்தது இரண்டு பேர். நீ இறந்த செய்தி கேட்ட பிறகு போட்ட விதி அது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் காதர் பாய் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலுதவிப் பயிற்சியும் கட்டாயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பொம்மையின் நெஞ்சை அழுத்து, கட்டுப் போடு, இரத்தம் வந்தால் எங்கே அமுக்கு என்று. "பிளேன் விட வந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு, பெரிய தொல்ல, சூசாலா" என்று நான் முணுமுணுத்தேன். துணி துவைக்காமல் கிடந்த எரிச்சல்.

இப்போது ஆறு மாதத்துக்கு முந்திய கதைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி. திடலில் நானும் பாயும் மட்டும். மற்றவர்கள் ஒன்பதுக்குத்தான் வருவார்கள். நான் பொண்டோக்கில் உட்கார்ந்து வருகைப் பதிவில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். பேட்டரி இணைக்கும்போது இன்னொருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதைப் பலகையில் எழுதி மாட்டியவரே பாய்தான். அன்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டபடி குனிந்து பேட்டரியைச் செருகியிருக்கிறார். சட்டை மடிப்பு ரிமோட்டின் குச்சியைத் தள்ளிவிட்டது. மோட்டார் முழு வேகத்தில் சுற்றியது, விமானம் முன்னால் பாய்ந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஊசி விரலில் ஏறினால் பெண்கள் கத்துவார்கள். பாய் கத்தவில்லை. ஒரு சத்தம் கேட்டது, முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி. நான் திரும்பியபோது அவர் மண்ணில் உட்கார்ந்து தன் வலது முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை சிவப்பாகிக்கொண்டிருந்தது.

ஓடினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்த துணியை மடித்து வெட்டின் மேல் வைத்து என் முழுப் பலத்தோடு அமுக்கினேன். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். துணி நனைந்ததும் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்தேன். நான் முணுமுணுத்துக்கொண்டே கற்றுக்கொண்டது அத்தனையும் கைக்கு வந்தது. போனை மண்ணில் போட்டு ஸ்பீக்கரில் பேசினேன். ஆம்புலன்ஸ் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். பொண்டோக் பலகையில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய உறுப்பினர்களின் பட்டியல் இருக்கிறது. முதல் பெயர் வோங், கோப்பெங்கில் இருக்கிறவர். பாய்க்கு அவர் நம்பர் மனப்பாடம், அவரே மெதுவாகச் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் வோங் வந்துவிட்டார், வீட்டுச் செருப்போடு. அவர் ஓட்டினார். பின்சீட்டில் நான் பாயின் கையை விடாமல் அமுக்கிக்கொண்டு வந்தேன். அவர் முகம் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. தூங்கிவிடுவாரோ என்று பயம்.

"பாய், பேசிக்கிட்டே வாங்க. என்னமாச்சும் பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"எங்கண்ணனப் பத்திப் பேசுங்க."

"மைக்கில சொன்னேன் பாரு, அது தப்புலா" என்றார். "கீலு சரியில்லதான். ஆனா ஆளத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். எனக்கு அன்னிக்குக் கையில மைக் இருந்துச்சு, கூட்டம் இருந்துச்சு. மறுநாளே புரிஞ்சுருச்சு. கடைக்குப் போற வழியில உங்க வீட்டத் தாண்டித்தான் போவேன். ரெண்டு தடவ காடிய நிறுத்துனேன் தங்கச்சி. எறங்கல."

"ஏன் எறங்கல?"

"என்ன சொல்றதுன்னு தெரியல. போனா அவன் கதவச் சாத்திட்டான்னா?"

நீ சாத்தியிருப்பாய் அண்ணே. அது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது தடவை தட்டியிருந்தால் திறந்திருப்பாய் என்றும் தெரியும்.

"பாய், போகாதன்னு சொன்னது நான்தான்" என்றேன். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, சாமியிடம்கூட. "அவரு கோவத்துல இருந்தாரு. நான் ரெண்டு நாளு பொறுத்துப் போண்ணேன்னு சொல்லியிருந்தா போயிருப்பாரு. நாந்தான் வேற திடல் பாருன்னேன்." பாய் இடது கையால் என் முழங்கையைத் தட்டினார். வோங்குக்குத் தமிழ் தெரியாது. கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினார்.

கை பிழைத்தது. ஒரு நரம்பை ஒட்டித் தைத்தார்கள், சுண்டுவிரலில் மட்டும் இன்னும் உணர்ச்சி சரியாக இல்லை. "அமுக்கிப் பிடிச்சிருந்தது யாரு?" என்று டாக்டர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

அடுத்த மாதக் கூட்டம் பாய் கடையின் மேல்மாடியில் நடந்தது. விபத்து நடந்தால் அதில் சம்பந்தப்பட்டவர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டுப் போட்ட கையோடு பாய் எழுந்து நின்றார். இடது கையில் காகிதம், கோணல் மாணலான எழுத்து. "பெயர், காதர் மைதீன். பொறுப்பு, பாதுகாப்பு அதிகாரி. தவறு, என்னுடையது" என்று படிக்க ஆரம்பித்தார்.

"இதெல்லாம் வேணாம் பாய், ஒக்காருங்கலா. எல்லாருக்கும் நடக்குறதுதானே" என்றார் ஒருவர்.

"தனபாலனா இருந்தா எழுதச் சொல்லியிருப்பேன்ல? அப்ப நானும் எழுதணும்."

கடைசி வரி வரை படித்தார். மூன்று மாதம் தன் விமானத்தைப் பறக்க விடுவதில்லை என்று அதில் எழுதியிருந்தார். நான் உன்னை அந்த அறையில் தேடினேன், அண்ணே. நீ அங்கே உட்கார்ந்து இதைக் கேட்டிருக்க வேண்டும். நாற்பது பேருக்கு முன்னால் அந்த மனிதர் தன் விமானத்தைத் தானே தள்ளி வைத்தார்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அன்று எழுந்துவிட்டேன். "நான் தினம் சட்டையத் தள்ளுறவ" என்றேன். "தப்பு இருந்தா தச்ச பொண்ண எம் மேசைக்குக் கூப்பிட்டு, மெதுவா காட்டுவேன். லைன்ல நின்னு கத்துனா மறுநாளு அவ வேலைக்கு வரமாட்டா. இங்கயும் அந்த மாதிரி செய்யலாமா?" வோங்குக்காக ஒருவர் அதை மொழிபெயர்த்தார். கை தூக்கினார்கள். இப்போது பொண்டோக்கின் பின்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறது. விமானத்தை அங்கே கொண்டுபோய் இரண்டு பேர் மட்டும் நின்று பார்ப்பார்கள். பறக்கலாம், கூடாது என்பதை அங்கேயே சொல்லிவிடுவார்கள். ஒலிபெருக்கி வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும்.

அந்த மேசையில் வாரம் விட்டு வாரம் நான்தான் உட்காருகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கீலையும் ஸ்குருவையும் பார்க்கிறேன். உன் சிவப்பு விமானத்தை நானே மேலே விட்டு நானே இறக்குகிறேன். இறங்கும்போது மூன்று குதி குதிக்கும். நீ இறக்குவது போல வழுக்கிக்கொண்டு வந்து நிற்காதாம், பாய் சொல்கிறார்.

இன்னொரு செய்தி. போன மாதம் வோங் ஒரு தகவல் கொண்டுவந்தார். ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஒருவர் தனியாக விமானம் விடுகிறாராம். பெயர் பெருமாள், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நானும் வோங்கும் போய்ப் பார்த்தோம். நல்ல கை அவருக்கு. விமானத்தைப் புல்லில் பூப்போல இறக்கினார்.

என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் படிவத்தை நீட்டினேன். காப்புறுதி, அனுமதி, பயிற்சி எல்லாம் சொன்னேன். அவர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் ஆபீஸ் பேச்சும்மா. இத்தன வருசமா ஒத்தையாத்தானே வுடுறேன், என்னா ஆயிருச்சு?"

நான் படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு வெளிநாட்டுக்காரன் உன் போனை எடுத்த கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே விமானத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "நேரமாச்சு, வாரேன்" என்று கிளம்பிவிட்டார். கையெழுத்துப் போடவில்லை.

நேற்று மத்தியானம் தொழிற்சாலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சரசும்மாவா? பெருமாள் பேசுறேன். சனிக்கெழம காலைல ஏழரைக்குத் திடலுக்குப் போறேன்."

"சரிங்க."

"ஃபாரமெல்லாம் தூக்கிட்டு வராதீங்க. சும்மா வந்து நில்லுங்க, போதும்."

ஆயர் தாவார் எனக்குப் பக்கம் இல்லை. அதனால் நேற்றே சங்கத்து வாட்ஸ்அப்பில் முறை எழுதிவிட்டோம். இந்தச் சனிக்கிழமை நானும் வோங்கும். அடுத்த வாரம் பாய் வருகிறேன் என்றிருக்கிறார், ஆறிய கையோடு. அதற்கடுத்த வாரத்துக்கு அங்கே பக்கத்திலேயே இருக்கிற மஞ்சோங் உறுப்பினர்கள் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர் கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அவர் விமானத்தை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, காடியில் ஏறிக் கதவைச் சாத்தும் வரைக்கும் எங்களில் ஒருவர் பக்கத்தில் நிற்போம். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு, அண்ணே.

போகாதே என்று உனக்குச் சொன்னவள், இப்போது வாங்க என்று ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற
உன் கூடப்பிறந்தவள்,
சரசு